பட்டறைக் கேள்வி பதில்: கார்பன் ஃபிரேம், மூங்கில் ஃபிரேம், கொஞ்சம் செம்பனை

குனோங் ஜெராய் மலையைச் சைக்கிளில் ஏறுகிற கூட்டம் கூடிப்போச்சு. சனி ஞாயிறு காலையில் பீடோங் கடைத்தெருவில் ரொட்டி சானாய் கடைக்கு வெளியே சாத்தி வைத்திருக்கிற சைக்கிள்களின் விலையைக் கூட்டினால் ஒரு கார் வாங்கிவிடலாம். அதனாலோ என்னவோ, இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கார்பன் ஃபிரேம் பற்றித்தான். சங்கிலி, பிரேக் கேள்விகள் அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணே, பென்சில் முனையும் கார்பன்தான் என்று பள்ளியில் படித்தோம். அது கீழே விழுந்தாலே உடைகிறது. அப்படியிருக்க கார்பனில் எப்படி சைக்கிள் செய்கிறார்கள்?
(படிவம் 5 மாணவர், பீடோங்)

தம்பி, கேள்வியைச் சரியான இடத்தில்தான் பிடித்திருக்கிறாய். பென்சிலில் இருக்கும் கிராஃபைட்டில் கார்பன் அணுக்கள் தாள் தாளாக அடுக்கியிருக்கும். ஒரு தாளுக்குள்ளே அணுக்களின் பிடிப்பு அசாத்தியமானது, ஆனால் தாளுக்கும் தாளுக்கும் நடுவே பிடிப்பு ரொம்பக் குறைவு, அதனால்தான் லேசாகத் தேய்த்தாலே வழுக்கிக்கொண்டு காகிதத்தில் ஒட்டுகிறது. அந்தத் தாள்களையெல்லாம் ஒரே திசைக்குத் திருப்பி, ஒரு நூலின் நீளவாக்கில் நிற்க வைத்துவிட்டால் அதுதான் கார்பன் இழை.

எப்படித் திருப்புவது? பாலிஅக்ரிலோநைட்ரைல் என்கிற செயற்கை நூலில் ஆரம்பிக்கிறார்கள். கேமரன் மலைக்குப் போகும்போது போட்டுக்கொள்கிறோமே அக்ரிலிக் ஸ்வெட்டர், அதுவும் இந்தக் குடும்பத்து நூல்தான். அதை இழுத்துப் பிடித்தபடியே முதலில் 200 முதல் 300 டிகிரி சூட்டில் காற்றில் வாட்டுவார்கள், அப்புறம் ஆக்சிஜனே இல்லாமல் நைட்ரஜன் நிரப்பிய உலைக்குள் 1000 டிகிரிக்கு மேல் சூடாக்குவார்கள். ஆக்சிஜன் இருந்தால் மொத்தமும் எரிந்து போய்விடும், இல்லாததால் மற்றதெல்லாம் ஆவியாகிப் போய் கார்பன் மட்டும் நூலாகவே மிஞ்சும். ஒரு இழையின் தடிமன் 5 முதல் 7 மைக்ரான், நம் தலைமுடியில் பத்தில் ஒரு பங்குதான். அப்படி 12,000 இழை சேர்ந்தது ஒரு கற்றை, அதைத்தான் 12கே என்பார்கள்.

இழை மட்டும் இருந்து பயனில்லை, அது வெறும் நூல், மடித்தால் மடங்கும். அதை நிமிர்த்திப் பிடிக்க எபோக்சி ரெசின் வேண்டும். ஃபிரேம் தொழிற்சாலைகளுக்கு அது பெரும்பாலும் முன்கூட்டியே ரெசின் ஊறவைத்த சுருளாகவே வருகிறது, பெயர் பிரிப்ரெக். தொட்டால் ஒட்டும், ஆனால் இன்னும் இறுகியிருக்காது. சும்மா வெளியே வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாக இறுக ஆரம்பித்துவிடும் என்பதால் மைனஸ் 18 டிகிரி குளிர்பெட்டியில்தான் வைத்திருப்பார்கள்.

இனிமேல்தான் உண்மையான வேலை. சுருளைக் கணினி வெட்டுமேசையில் துண்டு துண்டாக வெட்டுவார்கள். ஒரு ஃபிரேமுக்கு நூற்றுக்கணக்கான துண்டுகள், ஒவ்வொன்றிலும் எண், எந்தக் கோணம், எத்தனையாவது அடுக்கு என்று ஒரு பட்டியல். அதைப் பார்த்துப் பார்த்து மனிதர்கள், பெரும்பாலும் பெண்கள், மேசையில் உட்கார்ந்து கையால் ஒட்டுகிறார்கள். இவ்வளவு விலை போட்டு விற்கிற பொருளை இயந்திரம்தான் செய்கிறது என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், இல்லை, இது கைவேலை.

கோணம் ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், மூங்கிலை நினைத்துக்கொள். நுனியில் பாராங் கத்தியை வைத்து ஒரு தட்டு தட்டினால் நீளவாக்கில் பிளந்துகொண்டே போகும், அதையே குறுக்கே வெட்டிப் பார், கை வலிக்கும். கார்பனும் அதே ஜாதி, இழை ஓடுகிற திசையில்தான் பலம், மற்ற திசையில் ரெசினின் பலம்தான், அது சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அதனால் குழாய் வளையாமல் இருக்க நீளவாக்கில் சில அடுக்கு, பெடல் மிதிக்கும்போது முறுக்கிக்கொள்ளாமல் இருக்க 45 டிகிரி சாய்வில் இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று, குழாய் நசுங்காமல் இருக்கக் குறுக்கே ஒன்றிரண்டு. பெடல் அச்சு உட்காரும் பெட்டியைச் சுற்றி அடுக்கு கனமாக இருக்கும், மேல் குழாயின் நடுவில் ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இருக்காது. இரும்புக் குழாயில் இந்த வசதி கிடையாது, அது எல்லாத் திசையிலும் ஒரே பலம், தேவையில்லாத திசைக்கும் சேர்த்து எடையைச் சுமந்தே ஆக வேண்டும்.

ஒட்டி முடித்ததை எஃகு அச்சுக்குள் வைத்து மூடுவார்கள். உள்ளே ஒரு பலூன் இருக்கும், காற்றழுத்தத்தில் அது ஊதிக்கொண்டு அடுக்குகளையெல்லாம் வெளிச்சுவரோடு நெருக்கும், அதோடு 120 முதல் 150 டிகிரி சூடு, ரெசின் இறுகிவிடும். அந்தப் பலூனை லேடெக்ஸிலும் செய்கிறார்கள் என்பது நம் ஊர்க்காரர்களுக்குச் சந்தோஷமான சேதி. பால் மரம் வெட்டின ஊரில் வளர்ந்தவனுக்கு அதைக் கேட்டதும் ஒரு தெம்பு வரத்தான் செய்கிறது.

ஆன்லைனில் பெரிய பிராண்டு ஸ்டிக்கர் ஒட்டிய கார்பன் ஃபிரேம் கால்வாசி விலைக்குக் கிடைக்கிறது. எடையும் சரியாக இருக்கிறது, கட்டம் கட்டமாக நெசவும் தெரிகிறது. வாங்கலாமா அண்ணே?
(வாசகர், சுங்கை பட்டாணி)

அந்தக் கட்ட நெசவை முதலில் மறந்துவிடுங்கள். அது பெரும்பாலும் வெளி அலங்காரம். பாரத்தைத் தாங்குவது அதற்கு அடியில் ஒரே திசையில் ஓடுகிற அடுக்குகள், அவை பளபளப்பாக இருக்காது, கண்ணுக்கும் தெரியாது. எடையும் அப்படித்தான், இரண்டு அடுக்கைக் குறைத்துவிட்டு, இடுக்கில் ரெசின் தேங்கி நின்றாலும் தராசில் எண் சரியாகத்தான் வரும்.

என் பட்டறைச் சுவரில் குறுக்கே அறுத்த இரண்டு ஃபிரேம் துண்டுகள் மாட்டியிருக்கிறேன், கேட்பவர்களுக்குக் கழற்றிக் காட்டுவேன். ஒன்றில் உள்சுவர் விரலை ஓட்டினால் மழமழ என்று போகிறது, அறுத்த விளிம்பில் அடுக்குகள் கோடு கோடாக ஒரே சீராக நிற்கின்றன. மற்றதில் உள்ளே பழைய பலூன் கிழிசல் ஒட்டிக்கொண்டிருக்கிறது, பெடல் பெட்டி திரும்பும் வளைவில் துணி மடிந்து சுருக்கம் விழுந்திருக்கிறது, சுருக்கத்தின் பள்ளத்தில் பழுப்பாக ரெசின், அதில் குண்டூசித் தலை அளவுக்குக் காற்றுக் குமிழிகள். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே கறுப்பு, ஒரே பளபளப்பு. இழை சுருக்கத்தில் வளைந்துபோனால் பாரம் வரும்போது முதலில் நிமிரத்தான் பார்க்கும், அந்த இடத்தில் அடுக்கு பிரிய ஆரம்பிக்கும்.

வெளி வடிவத்தை யார் வேண்டுமானாலும் நகல் எடுத்து அச்சு செய்துவிடலாம். உள்ளே அடுக்கு வைக்கிற பட்டியலை நகல் எடுக்க முடியாது, ஃபிரேமை அறுத்துப் பார்த்தாலொழியத் தெரியாது. நான் பிராண்டு பைத்தியம் இல்லை, பெயரில்லாத தொழிற்சாலைகளிலும் நல்ல ஃபிரேம் வருகிறது. ஐ.எஸ்.ஓ. 4210 என்று சைக்கிளுக்கு ஒரு பாதுகாப்புத் தரம் இருக்கிறது, அதில் பெடல் மிதிக்கிற மாதிரி 1,00,000 தடவை ஃபிரேமை அழுத்துவார்கள், 22.5 கிலோ எடையை முன்பக்கம் விழ வைப்பார்கள். தன் சொந்தப் பெயரில் விற்கிறவனிடம் இந்தச் சோதனை அறிக்கையைக் கேளுங்கள், உத்தரவாதம் எழுத்தில் கேளுங்கள், கொடுத்தால் யோசிக்கலாம். வேறொருவன் பெயரை ஒட்டி விற்கிறவன் ஸ்டிக்கரிலேயே பொய் சொல்கிறான், உள்ளே மட்டும் உண்மையாக அடுக்கியிருப்பானா? வேண்டாம்.

இரும்பிலிருந்து கார்பனுக்கு மாறினால் குனோங் ஜெராயை எவ்வளவு சீக்கிரம் ஏறலாம்?
(வாசகர், குருண்)

சராசரியாக ஒரு நல்ல எஃகு ஃபிரேம் 2 கிலோவுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே, அலுமினியம் ஒன்றே கால், ஒன்றரை கிலோ, கார்பன் ஒரு கிலோ அல்லது அதற்கும் கீழே. அப்போ உங்களுக்கு மிச்சமாவது ஒரு கிலோ. நீங்கள், சைக்கிள், தண்ணீர்ப் போத்தல், சட்டைப்பையில் இருக்கும் போன் எல்லாம் சேர்த்து 84 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். செங்குத்தான ஏற்றத்தில் உழைப்பு முழுக்க எடையைத் தூக்கத்தான் போகிறது, ஆக ஒரு மணி நேர ஏற்றத்தில் சுமார் 40 வினாடி மிச்சம். அவ்வளவுதான். 1,217 மீட்டர் உயர மலை, பாதி வழியில் குரங்கைப் பார்த்து நின்றாலே அந்த 40 வினாடி போய்விடும்.

ஆனால் எடை மட்டுமே கணக்கில்லை. நம் நாட்டுச் சைக்கிள் வீரர் அஸிஸுல்ஹஸ்னி அவாங் 2017இல் ஹாங்காங்கில் கெய்ரின் என்கிற வட்டத்தடப் பந்தயத்தில் உலகச் சாம்பியன் ஆனாரே, அந்த மாதிரிச் சைக்கிள் பந்தயத் தடத்தில் ஏற்றமே கிடையாது, அங்கே எடை இரண்டாம் பட்சம். அவர் பெடலை மிதிக்கிற வேகத்துக்கு ஃபிரேம் முறுக்கிக்கொள்ளாமல் நிற்கணும், காற்றைக் கிழித்துக்கொண்டு போகிற வடிவம் வேணும். இரண்டுக்கும் கார்பன்தான் தோது, அடுக்கை வேண்டிய இடத்தில் வேண்டிய திசையில் வைக்கலாம், குழாயை எந்த வடிவத்திலும் செய்யலாம். சாலைப் பந்தயத்தில் 2000இலிருந்தே சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று உலகச் சைக்கிள் சங்கம் விதி வைத்துவிட்டது, தொழிற்சாலைகள் அந்த எல்லையை எப்போதோ தொட்டுவிட்டன. காசு இருந்தால் வாங்குங்கள், நன்றாகத்தான் இருக்கும். கடன் வாங்கி வாங்காதீர்கள்.

முதல் கார்பன் சைக்கிள் யார் செய்தது?
(வாசகி, அலோர் ஸ்டார்)

கார்பன் குழாயை உலோக மூட்டில் ஒட்டிய சைக்கிள்கள் 1970களிலேயே இருந்தன. மூட்டே இல்லாமல் முழுக்கக் கார்பனில் வார்த்து விற்பனைக்கு வந்தது 1986இல், அமெரிக்காவின் கெஸ்ட்ரல் 4000. அடுத்த வருடம் தைவானின் ஜயன்ட் கம்பெனி கேடெக்ஸ் 980சி என்று ஒன்றை மொத்தமாக உற்பத்தி செய்தது, அது குழாயும் அலுமினிய மூட்டும் சேர்ந்த வகை. உலகமே திரும்பிப் பார்த்தது 1992 பார்சலோனா ஒலிம்பிக்கில், பிரிட்டனின் கிறிஸ் போர்ட்மேன் லோட்டஸ் 108இல் தங்கம் வாங்கியபோது.

ஐயா, எஸ்டேட்டில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். பாமாயில் மில்லில் செம்பனைக் குலையைக் காய் உதிர்த்துவிட்டு வெறுங்குலையை மலை மலையாகக் குவிக்கிறார்கள். அதுவும் நார்தானே, அதில் ஃபிரேம் செய்ய முடியாதா?
(வாசகர், கூலிம்)

ஐயா, நீங்கள் கேட்டதை நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களும் வெகுகாலமாக ஆராய்ந்துகொண்டுதான் இருக்கின்றன, செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தில் இதையும் ஆராய்கிற ஒரு ஆய்வுக்கழகம் உண்டு. வெறுங்குலை நாரில் பலகை செய்யலாம், மெத்தை திணிக்கலாம், பிளாஸ்டிக்கோடு கலந்து வார்க்கலாம். ஃபிரேம்? கஷ்டம். நார் குட்டை, ஒரே தடிமன் இல்லை, எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும், அதனால் ரெசின் சரியாகப் பிடிக்காது. போதாததற்கு ஈரத்தை உறிஞ்சி உப்பும், நம் ஊர் மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சணல் மாதிரியான கெனாஃப் செடியின் நார் எவ்வளவோ மேல், நீளமாக வரும், கார்க் கதவின் உள்பலகைக்கெல்லாம் போகிறது. ஆளி நாரில் வெளிநாட்டில் ஃபிரேம் செய்திருக்கிறார்கள், அதிர்வை நன்றாக வாங்கிக்கொள்ளும், ஆனால் அதே விறைப்புக்குக் கார்பனை விடக் கனமாகத்தான் வரும். செம்பனையில் சைக்கிள் வேண்டுமென்றால் மட்கார்டு வரைக்கும் ஆசைப்படலாம்.

வீட்டுக்குப் பின்னால் கொட்டகை இருக்கிறது. நானே ஒரு ஃபிரேம் செய்து பார்க்க ஆசை. கார்பன் துணியும் ரெசினும் வாங்கினால் போதுமா?
(வாசகர், குவாலா கெட்டில்)

முழுக் கார்பன் ஃபிரேம் வேண்டாம். அச்சு, சூடு, அழுத்தம் மூன்றும் இல்லாமல் செய்தால் பார்க்க நன்றாக இருக்கும், நம்பி ஏற முடியாது. மூங்கில் ஃபிரேம் செய்யுங்கள். கிண்டல் இல்லை, 1890களிலேயே இங்கிலாந்தில் மூங்கில் சைக்கிள் விற்றிருக்கிறார்கள், இப்போது உலகம் முழுக்கச் செய்கிறார்கள். மூங்கிலே இயற்கை செய்து கொடுத்த காம்போசிட்தான், அதாவது இழையும் அதைப் பிடிக்கிற பொருளும் சேர்ந்த கலப்பு, இழைகள் வெளிச்சுவர்ப் பக்கம் நெருக்கமாக நிற்கின்றன, ஒரு குழாய்க்கு எங்கே பலம் வேணுமோ அங்கேயே.

மூன்று நான்கு வயது முற்றிய மூங்கில், சுவர் தடிப்பாக, 30 முதல் 40 மில்லிமீட்டர் விட்டம். இளமூங்கில் சுருங்கிவிடும். கணுக்களைக் கம்பியால் உள்ளே துளைத்துவிட்டு போராக்ஸ் கரைசலில் ஊறப்போடுங்கள், இல்லையென்றால் வண்டு துளைத்து மாவு கொட்டும். அப்புறம் நிழலில் மாசக்கணக்கில் காய வேண்டும், அவசரப்பட்டு வெயிலில் போட்டால் பட்டென்று பிளக்கும். பொறுமை இல்லாதவர்கள் தோற்பது இந்தக் கட்டத்தில்தான், ரெசின் வேலையில் இல்லை.

பழைய இரும்பு சைக்கிள் ஒன்றை அறுத்து, கைப்பிடி உட்காரும் கழுத்துக்குழாய், பெடல் பெட்டி, பின்சக்கரக் கொக்கி, இருக்கைத் தண்டு நுழைகிற குழாய் இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பலகையில் ஒரு சட்டம் அடித்து எல்லாவற்றையும் நேர்க்கோட்டில் நிறுத்தி எபோக்சி பசையால் முதலில் ஒட்டிவிடுங்கள். பின்பு மூட்டைச் சுற்றி ரெசினில் நனைத்த கெனாஃப் கற்றையோ கார்பன் கற்றையோ குறுக்கும் நெடுக்குமாகச் சுற்ற வேண்டும். ஒரே வளையமாகச் சுற்றாதீர்கள், கற்றை ஒரு குழாயிலிருந்து மூட்டைத் தாண்டி அடுத்த குழாய்க்குச் சாய்வாக ஓட வேண்டும், அப்போதுதான் முறுக்கைத் தாங்கும். உலோகத்தில் கார்பன் படுகிற இடத்தில் முதலில் கண்ணாடி இழை ஒரு சுற்று. சுற்றி முடித்ததும் மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளை வைத்து ஊசியால் துளை போட்டு, பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாகக் கிழித்து இழுத்துக் கட்டுங்கள். உபரி ரெசின் துளை வழியே முத்து முத்தாகக் கசியும், உள்ளே காற்று நிற்காது.

ரெசின் விஷயத்தில் ஒன்று கேளுங்கள். கார் பம்பர் பட்டறையில் கண்ணாடி இழைக்குப் பயன்படுத்துகிற, மூக்கைத் துளைக்கிற வாடை அடிக்கிற ரெசின் பாலியெஸ்டர், அது இறுகும்போது நன்றாகவே சுருங்கும், ஒட்டும் சக்தியும் குறைவு, இதற்கு ஆகாது. எபோக்சிதான் வேண்டும். சாதாரண அறைச் சூட்டில் இறுகிய எபோக்சி 50, 60 டிகிரியில் இளக ஆரம்பித்துவிடும், அதனால் செய்து முடித்த சைக்கிளை மதிய வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். கையுறை கட்டாயம், எபோக்சி ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் அப்புறம் வாழ்நாள் முழுக்க ரெசின் பக்கம் போக முடியாது. தேய்க்கும்போது முகமூடி. முன் ஃபோர்க்கை மட்டும் செய்ய நினைக்கவே வேண்டாம், கடையில் எஃகு ஃபோர்க் வாங்கிப் போடுங்கள், அது முறிந்தால் முகம்தான் முதலில் தரையில் படும்.

மகன் கார்பன் சைக்கிளோடு லோங்காங்கில் (சாக்கடையில்) விழுந்துவிட்டான். அவனுக்கு ஒன்றுமில்லை. ஃபிரேமில் ஒரு விரல் அளவுக்குப் பெயின்ட் வெடித்திருக்கிறது. அப்படியே ஓட்டலாமா?
(தாயார், பாடாங் செராய்)

அம்மா, பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்றதே பெரிய நிம்மதி. இப்போதைக்கு ஓட்ட விடாதீர்கள். அலுமினியம் அடிபட்டால் நசுங்கிக் காட்டிவிடும், கார்பன் வெளியே லேசாகக் கீறல் காட்டிவிட்டு உள்ளே அடுக்கு பிரிந்திருக்கும். ஒரு 20 சென் காசை எடுத்து நல்ல இடத்திலிருந்து தட்டிக்கொண்டே அடிபட்ட இடத்துக்கு வாருங்கள். டக் டக் என்று கணீரென்று வந்த சத்தம் திடீரென்று பொத்துப் பொத்து என்று மாறினால் உள்ளே பிரிந்திருக்கிறது. மூட்டுக்குப் பக்கத்தில் தடிமன் மாறுவதால் சத்தமும் இயல்பாகவே மாறும், அதனால் மறுபக்கத்தில் அதே இடத்தையும் தட்டி ஒப்பிடுங்கள். விரலால் அழுத்தினால் அமுங்குகிறதா என்றும் பார்க்கலாம்.

சத்தம் மாறாவிட்டாலும் தெரிந்தவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். குழாயில் விரிசல் என்றால் பழுது பார்க்கலாம், கெட்ட இழையைத் தேய்த்து எடுத்துவிட்டு, ஓரங்களைச் சரிவாக இழைத்து, பழைய அடுக்கு எந்தத் திசையில் ஓடியதோ அதே திசையில் புது அடுக்கு வைத்து, காற்றை உறிஞ்சி அழுத்திச் சூடாக்க வேண்டும். மேலே ஒரு துண்டு ஒட்டிப் பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். விரிசல் ஃபோர்க்கிலோ கைப்பிடியிலோ இருந்தால் பழுதே பார்க்க வேண்டாம், தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது.

கார்பன் ஃபிரேமில் அலுமினிய சீட் தண்டு இறுகிவிட்டது. டார்ச் வைத்துச் சூடு காட்டலாமா?
(வாசகர், சுங்கை பட்டாணி)

ஐயோ, வேண்டாம்! ரெசின் போய்விடும். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும், நடுவில் வியர்வை உப்புத்தண்ணீர், அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாக உப்பிக்கொண்டு நிற்கிறது. தண்டின் தலையைப் பிடிப்பானில் இறுக்கி, ஃபிரேமைச் சுற்றித் திருப்பிக் கழற்ற வேண்டும், இரண்டு பேர் வேலை. அடுத்த முறை கார்பனுக்கென்றே விற்கிற பசையைத் தடவிப் போடுங்கள், மணல் மாதிரி நறநற என்று இருக்கும். ஆணியைத் தண்டிலோ பிடிவளையத்திலோ போட்டிருக்கும் எண்ணுக்கு மேல் முறுக்காதீர்கள், பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர்தான்.

காம்போசிட் வேலை கற்றுக்கொள்ள தைவான்தான் போக வேண்டுமா?
(டிப்ளமா மாணவி, பீடோங்)

ஏன்? நம் கெடாவிலேயே புக்கிட் காயு ஹீத்தாமில் போயிங் விமானங்களுக்குக் காம்போசிட் பாகம் செய்கிற தொழிற்சாலை இருக்கிறது, மலாக்கா பத்து பெரெண்டாமில் ஏர்பஸ்ஸுக்குச் செய்கிற சி.டி.ஆர்.எம். நிறுவனம் இருக்கிறது. அங்கேயும் இதே பிரிப்ரெக், இதே கோணப் பட்டியல்தான், தப்பை மட்டும் துளியும் விடமாட்டார்கள். மேசையில் அடுக்கு வைக்கிற வேலையில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு அப்புறம் மேற்படிப்புக்குப் போம்மா, புத்தகத்தில் இருப்பது சட்டென்று பிடிபடும்.

சாயங்கால இடியில் கார்பன் சைக்கிள் மின்னலை இழுக்குமா?
(பெயர் போடாத வாசகர்)

இரும்பு சைக்கிளும் மின்சாரத்தைக் கடத்தும், கார்பனும் கடத்தும், மின்னலுக்கு உங்கள் ஃபிரேமின் விலை தெரியாது. ரப்பர் டயர் காப்பாற்றும் என்று சொல்கிறவர்களையும் நம்பாதீர்கள். வெட்டவெளிச் சாலையில் இடி கேட்டால் பக்கத்தில் எங்கே கட்டடம் இருக்கிறதோ அதற்குள் போய் நில்லுங்கள், தனியாக நிற்கிற மரத்தடியில் வேண்டாம்.